முடிவு தெரிந்து தொடங்கும் கதை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொலைக்காட்சிக் குறுந்தொடர்" என்று நான் தலைப்பு எழுதிக் கொடுத்தபோது விழாக்குழுவினர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. அதில் குற்றம் காண மாட்டேன். இந்தப் பத்தாண்டில் நம் கூட்டங்களில் மரபுக் கவிதையும் புதுக்கவிதையும் ஒன்றையொன்று வைது தீர்த்திருக்கின்றன. நாவல் பற்றியும் நாட்டார் கதைப்பாடல் பற்றியும் விடிய விடியப் பேசியிருக்கிறோம். தொலைக்காட்சி மட்டும் இங்கே ஒரே ஒரு பொருளில்தான் நினைவுகூரப்பட்டது: நம் மாலைக் கூட்டங்களுக்கு வரவேண்டியவர்களை வீட்டிலேயே கட்டிப்போட்ட பெட்டி என்ற பொருளில். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்க வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் பிறந்த பலவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கதைக்கலையின் சபையில் ஓர் இருக்கை உண்டு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

குறுந்தொடர் என்றால் குட்டையான நெடுந்தொடர் அன்று. இரண்டும் பிறப்பிலேயே வேறுபட்டவை. நெடுந்தொடர் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வாழ்வது. பார்ப்பவர் இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. இராமானந்த சாகரின் 'ராமாயண்' 52 பகுதிகளுக்கெனத் திட்டமிடப்பட்டு 78 பகுதிகளாக வளர்ந்ததை நாம் அறிவோம். வான்மீகி தொடங்கிக் கம்பர் வரை எல்லோரும் முடித்துவைத்த கதையையே தொலைக்காட்சியின் வரவேற்பு நீட்டிவைக்க முடிந்தது என்றால், முடிவில்லாத குடும்பக் கதைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குறுந்தொடரோ இத்தனை பகுதிகள் என்ற எல்லையை ஏற்றுக்கொண்டு பிறக்கிறது. பெரும்பாலும், முதல் பகுதி ஒளிபரப்பாகும்போதே கடைசிப் பகுதி படமாகி முடிந்திருக்கும்.

இந்த ஒன்றில்தான் அது நம் வார இதழ்த் தொடர்கதையிலிருந்தும் விலகுகிறது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது எழுதுகிறவரும் வாசகரும் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். இந்த வாரம் வாசகர் எழுதிய கடிதம் அடுத்த மாதத்து அத்தியாயத்தைத் தொட்டுவிடக்கூடும். குறுந்தொடரில் அந்த உறவு இல்லை. ஆக்கியவன் முடிவில் நிற்கிறான். பார்ப்பவன் தொடக்கத்தில் நிற்கிறான். இதற்கு நம்மிடையே உறவு தேட வேண்டுமானால் திரௌபதை அம்மன் கோயில் திடலுக்குப் போகவேண்டும். பாரதக்கூத்து இரவுக்கு ஓர் இரவாக நிகழும். படுகளம் எங்கே விழும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் சூதாட்டத்துக்கும் துகிலுரிதலுக்கும் அப்பால் ஒரு பகல் கிடக்கிறதே, அந்தப் பகலில் உழவுக்குப் போனவன் மனத்தில் கூத்து நின்றுவிடுவதில்லை.

எல்லையும் இடைவெளியும் ஆகிய இவ்விரண்டுமே குறுந்தொடரின் கருவிகள் என்பது என் துணிபு. இதைப் பொதுப்படப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு காட்டுவது நல்லது. நான் எடுத்துக்கொள்வது 'தமஸ்'.

1988-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் ஆறு பகுதிகளாக வந்தது அது. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவல், 1975-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, தமிழிலும் வந்துள்ளது. இயக்கியவர் கோவிந்த் நிஹலானி. சாஹ்னி இராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் அங்கே மூண்ட கலவரத்தைக் கண்டவர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அதைப் பற்றி நாவல் எழுதாதிருந்தவர், 1970-இல் பிவண்டிக் கலவரத்திற்குப் பின் அவ்வூருக்குச் சென்று எரிந்த வீடுகளைப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்தார். நிஹலானியும் கராச்சியில் பிறந்து, பிரிவினையின்போது சிறுவனாக இப்பக்கம் வந்து சேர்ந்தவர். ஆக, கதை சொன்ன இருவருக்கும் அது செவிவழிச் செய்தி அன்று.

அந்நாளில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் தொலைக்காட்சி இருந்தது. இந்தி எனக்கு எழுத்துக்கூட்டும் அளவே தெரியும். வடக்கே சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் அமர்ந்து பார்த்தோம். முதல் பகுதி முடிந்ததும் அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம்வரை எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரு பன்றியின் உறுமல் மட்டுமே.

நத்து என்பவன் தோல் பதனிடும் தொழிலாளி. விலங்கு மருத்துவருக்கு வேண்டும் என்று சொல்லி, ஒரு பன்றியைக் கொன்று தரும்படி அவனிடம் பணம் கொடுத்து ஏவுகிறார்கள். செத்த விலங்கின் தோலை உரிப்பவனே தவிர, பன்றியைக் கொல்லும் தொழில் தன்னுடையதன்று என்கிறான். ஆனாலும் மறுக்க முடியவில்லை. ஒரு குடிலுக்குள், விளக்கின் மங்கிய ஒளியில், இரவெல்லாம் அவனும் அந்த விலங்கும் போராடுகிறார்கள். ஓம் புரியின் உடம்பே அங்கே நடிக்கிறது: வியர்வை, மூச்சிரைப்பு, அருவருப்பு, அச்சம். மறுநாள் பள்ளிவாசல் படியில் ஒரு பன்றி கிடக்கிறது. ஊர் பற்றிக்கொள்கிறது.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கையிலேயே வழக்கு வந்தது. இது வகுப்புகளுக்கிடையே பகையை மூட்டும், நிறுத்துங்கள் என்று மும்பை உயர்நீதிமன்றத்தை ஒருவர் அணுகினார். தனி நீதிபதி ஒருவர் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் லென்டின், சுஜாதா மனோகர் ஆகிய இருவர் அமர்வு ஒரு காரியம் செய்தது. ஆறு பகுதிகளையும் வரவழைத்து முழுவதுமாகப் பார்த்தது. பார்த்த பின் தடையை நீக்கியது. பின்னர் உச்சநீதிமன்றத்திலும் வழக்கு எழுந்தது. 1988 பிப்ரவரி 16 அன்று நீதிபதிகள் சவ்யசாசி முகர்ஜி, எஸ். ரங்கநாதன் ஆகியோர் அதைத் தள்ளுபடி செய்தனர். அத்தீர்ப்பு படிக்கத்தக்கது. ஒரு படைப்பின் விளைவை அளக்க, அலைபாயும் பலவீன மனத்தை அளவுகோலாக்கக் கூடாது, நியாய உணர்வும் உறுதியும் கொண்ட மனிதனையே அளவுகோலாக்க வேண்டும் என்ற பழைய நெறியை அது எடுத்தாள்கிறது. அதேவேளையில், அசையும் காட்சி எழுத்தைவிட உணர்ச்சியை வேகமாகக் கிளறவல்லது என்று 1970-இன் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் சொல்லப்பட்டதையும் அது மறந்துவிடவில்லை.

தீர்ப்பு சரியானது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதை சொல்வோர் என்ற முறையில் நமக்கு அதில் ஒரு முள் இருக்கிறது. நீதிபதிகள் பார்த்தது முழுமையை. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தைத் தொடர்ச்சியாகப் பார்த்து, இருள் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று கண்டு தீர்ப்பளித்தார்கள். நாங்களோ எங்கள் தெருவில் பார்த்தது ஆறில் ஒன்றை. பள்ளிவாசல் படியில் கிடந்த பன்றியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். அந்த ஒரு வாரத்தில் ஒருவன் மனத்தில் என்ன முளைக்கும் என்பதற்கு முழுமையைப் பார்த்தவரின் தீர்ப்பு விடை சொல்லாது. வழக்குத் தொடுத்தவரின் அச்சத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் அந்த அச்சம் பிறந்த இடம் கற்பனையன்று. அது பகுதிக்கும் பகுதிக்கும் இடையே உள்ள வெற்றிடம்.

ஆகவே குறுந்தொடர் ஆக்குபவனுக்கு இரட்டைக் கடன். முழுமை நியாயமாக இருந்தால் போதாது. ஒவ்வொரு பகுதியும் ஒரு வாரம் தனியே கிடந்து தாங்கவேண்டும். நிஹலானி இதை அறிந்திருந்தார் என்றே அந்த முதல் காட்சியின் நீளம் எனக்குச் சொல்கிறது. பன்றி கொல்லப்பட்டது என்ற செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்படிச் சொல்லியிருந்தால் பார்ப்பவன் உடனே "யார் செய்தது?" என்று கேட்டிருப்பான், 'யார்' என்ற அந்தக் கேள்விக்கு மதத்தின் பெயரையே விடையாகத் தேடியிருப்பான். அவரோ நம்மை அந்தக் குடிலுக்குள் அடைத்து, ஏழை ஒருவன் விருப்பமில்லாத கூலிவேலையில் படும் பாட்டைத் தாங்கமுடியாத அளவுக்குக் காட்டிவிடுகிறார். கலவரம் மூளும்போது, அதன் விதை ஒரு வகுப்பின் கையிலிருந்து விழவில்லை, பணம் கொடுத்து ஏவிய கையிலிருந்து விழுந்தது என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தைக் கடப்பதற்கு அவர் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு அது. எழுந்து போன பெரியவரைப் பிறகு கேட்டேன். "நத்துவை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை" என்றார். வேறு யாரையும் அவர் சொல்லவில்லை.

நாவலுக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாட்டையும் இந்த இடைவெளியே விளக்குகிறது. நாவலில் நத்து பாதி வழியில் பின்னணிக்குச் சென்றுவிடுகிறான். சாஹ்னி ஊரின் பல முனைகளுக்கும் நம்மை நடத்துகிறார்: காங்கிரஸ் தொண்டர்கள், ஆங்கிலேயத் துணை ஆணையர், இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி தரும் இடம், கிராமத்துக் குருத்வாரா. நத்து இறந்துபோன செய்தி கடைசியில் போகிற போக்கில் கிடைக்கிறது. எவன் கையால் தொடங்கியதோ அவனையே கலவரம் மறந்துவிட்டது என்பது நாவலின் கொடூரமான நேர்மை. தொடரிலோ நத்து விடப்படுவதில்லை. கருவுற்ற மனைவி கர்மோவோடும் முதிய தாயோடும் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். தாய் வழியில் இறக்கிறாள். ஹர்நாம் சிங் என்ற முதிய சீக்கியரையும் அவர் மனைவி பந்தோவையும் இவர்கள் வழியில் சந்திக்கிறார்கள். ஆறு வாரம் பரந்து கிடக்கும் கதையில் பார்ப்பவன் கையில் ஒரு நூல் வேண்டும். அந்த நூல் நத்துவும் கர்மோவும். நாவலின் அந்த மறதியை நான் இன்றும் உயர்ந்ததாகவே மதிக்கிறேன். ஆனால் ஒரே மூச்சில் படிக்கும் வாசகனுக்கு ஏற்ற மறதி, வாரம் ஒருமுறை வந்துபோகும் பார்வையாளனிடம் வெறும் விடுபாடாகத் தோன்றியிருக்கும். வடிவம் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஹர்நாம் சிங்காக நடித்தவர் பீஷ்ம சாஹ்னியே என்பதைப் பலர் அறியார். தம் ஊரின் அழிவை எழுதியவர் அந்த அழிவிலிருந்து ஓடும் கிழவராக, தீனா பாடக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் நடக்கிறார். அவர்கள் ஒரு முஸ்லிம் வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். ராஜோ என்ற பெண் (சுரேகா சிக்ரி) உள்ளே விடுகிறாள். சற்று நேரத்தில் அவள் வீட்டு ஆண்கள் கொள்ளையடித்த பெட்டியொன்றைச் சுமந்து வருகிறார்கள். அது ஹர்நாம் சிங்கின் கடையிலிருந்து வந்த பெட்டி! அடைக்கலம் தந்த வீடும் கொள்ளையடித்த வீடும் ஒன்றே. இதை ஒரு கட்டுரை சொன்னால் சமநிலைப் பேச்சு என்று தள்ளிவிடுவோம். அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கமும் எரிச்சலும் அச்சமும் மாறிமாறி ஓடுவதைப் பார்த்தவர்கள் தள்ளமாட்டார்கள்.

குருத்வாராவிலிருந்து பெண்கள் வரிசையாகக் கிணற்றை நோக்கி நடக்கும் காட்சியைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை. பார்த்தவர்களுக்கு வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல் போதாது.

பிற நாடுகளிலும் இவ்வடிவம் தன் இடைவெளியை வெவ்வேறு விதமாக ஆண்டிருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் மட்டும். 1973-இல் சுவீடன் தொலைக்காட்சிக்காக இங்மர் பெர்க்மன் எடுத்த 'ஒரு திருமண வாழ்வின் காட்சிகள்' ஆறு பகுதிகள். யோஹான், மரியான் என்ற கணவன் மனைவி. பெரும்பாலும் ஓர் அறை, இரண்டு முகங்கள். மூன்றாம் பகுதியில் கணவன், தான் வேறொரு பெண்ணோடு போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்த பகுதி திறக்கும்போது கதைக்குள் காலம் கடந்துபோயிருக்கிறது. கைவிடப்பட்டவள் அந்தக் காலத்தை எப்படிக் கழித்தாள் என்று பெர்க்மன் காட்டவில்லை. பார்ப்பவனையும் ஒரு வாரம் காக்க வைத்துவிட்டார், அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதி முடிவிலும் பெயர்ப் பட்டியலைத் தம் குரலிலேயே படித்து, திரையில் ஃபோரோ தீவின் நிலக்காட்சிகளைக் காட்டினார். சண்டை பார்த்த கண்ணுக்குச் சற்றுக் கடற்காற்று. பிறகு இதையே திரையரங்குக்காக மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கினார்கள். சிறந்த படந்தான். ஆனால் அதில் அந்தத் திருமணம் உடைகிறது; தொடரிலோ தேய்கிறது.

மற்றொன்று ஜெர்மனி. யூத இனப்படுகொலையைப் பற்றி 1978-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ஹோலோகாஸ்ட்' என்ற நான்கு பகுதிக் குறுந்தொடர் 1979 சனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானது. கலைத்தரத்தில் அது உருக்கக் கதைதான். குறை சொன்னவர்கள் பலர். ஆனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வரலாற்றறிஞர்கள் நிலையத்தில் அமர்ந்து மக்களின் தொலைபேசிக் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் அழைப்புகள் வந்தன. அதுவரை வீட்டுக்குள் பேசப்படாதிருந்தது பேசப்பட்டது. கொலைக் குற்றத்திற்கு வழக்குத் தொடுக்கும் கால வரம்பை நீக்குவது பற்றி அந்நாட்டில் அப்போது விவாதம் நடந்துகொண்டிருந்தது; அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றம் அவ்வரம்பை நீக்கியது. தொடர் மட்டுமே அதைச் செய்ததென்று சொல்வது மிகை. இடைவெளியைப் பேச்சால் நிரப்பியபோது ஒரு கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகவே சொல்கிறேன்.

எட்கர் ரைட்ஸ் என்ற ஜெர்மன் இயக்குநருக்கு அத்தொடர் பொறுக்கவில்லை. எங்கள் கதையை அமெரிக்கர் எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று சினந்து, 1984-இல் 'ஹைமாட்' என்ற 11 பகுதித் தொடரைக் கொண்டுவந்தார். ஷபாக் என்ற கற்பனைச் சிற்றூர். மரியா என்ற ஒருத்தி. 1919 முதல் 1982 வரை. பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அதன் பகுதிகள் தொடங்கும்போது அவ்வூர்க்காரன் ஒருவன் பழைய புகைப்படங்களைக் கையில் எடுத்து, இவர் இன்னார், இவர் இறந்துவிட்டார் என்று சொல்லிச் செல்கிறான். முன்கதைச் சுருக்கத்தையே குடும்பப் புகைப்படத் தொகுப்பாக்கிய உத்தி! நான் வியந்தேன். எனினும் அந்தத் தொகுப்பில் யூதர்களின் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பதினைந்து மணி நேரம் கிடைத்தும் எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதும் கதையின் பகுதிதானே.

இப்போது இந்த இடைவெளியே அருகி வருகிறது. இணையவழித் தளங்கள் எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் திறந்துவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. செய்யாத குற்றத்திற்காகச் சிறை சென்ற ஐந்து சிறுவர்களின் உண்மைக் கதையைச் சொல்லும் ஏவா டூவெர்னேயின் நான்கு பகுதித் தொடர் 2019-இல் அப்படித்தான் வந்தது. என் பேரன் ஓர் இரவில் பார்த்து முடித்துவிட்டு, கண் சிவந்து வந்து, "தாத்தா, நாலையும் பார்த்துட்டேன்" என்றான். அவன் நீதிபதி லென்டினைப்போல முழுமையைப் பார்த்தவன். அந்த வகையில் அவன் பேறு பெற்றவன். பாதியில் தவறாகத் தீர்ப்புச் சொல்லும் ஆபத்து அவனுக்கு இல்லை. ஆனால் அச்சிறுவர்கள் சிறையில் கழித்த ஆண்டுகளில் ஒரு வாரத்தையேனும் அவன் அவர்களோடு காத்திருந்தானா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதே ஆண்டில் வந்த 'செர்னோபில்' ஐந்து பகுதிகளும் வாரம் ஒன்றாகவே ஒளிபரப்பாயின. அணுஉலைக் கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாமல் பரவுவது போலவே அதன் அச்சமும் வாரந்தோறும் பரவியது என்று பார்த்த நண்பர்கள் சொன்னார்கள். இரண்டில் எது சரி என்று முடித்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பேரனிடம் இதைச் சொன்னபோது, "நீங்க வேணா வாரம் ஒண்ணா பாருங்க தாத்தா, யாரு தடுத்தா?" என்றான். மறுமொழி சொல்லத் தோன்றவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்களுக்கு இடைவெளியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றுத்தாள் விடுவது என்று அச்சகத்தாரோடு சண்டையிட்ட கவிஞர் ஒருவர் முதல் வரிசையிலேயே இருக்கிறார். அந்த வெற்றுத்தாளை ஏழு நாளாக நீட்டிப் பார்த்தவர்கள் இக்கலைஞர்கள் என்று எண்ணிக்கொண்டால் போதும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களில் ஆறனை எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு பகுதியாக 'தமஸ்' பார்ப்போம். பார்த்தபின் அரைமணி நேரம் பேசுவோம். இரண்டு கட்டுப்பாடுகள். அடுத்த பகுதியை யாரும் வீட்டில் முன்கூட்டிப் பார்த்துவிட்டு வரக் கூடாது. நாவலைப் படித்தவர்கள் நத்துவுக்கு என்ன ஆகிறது என்று வாய் திறக்கக் கூடாது. நான் இன்று கொஞ்சம் திறந்துவிட்டேன், பொறுத்தருள்க. செயலாளர் இதைக் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். ஒளிபெருக்கிக் கருவிக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் இன்றே முடிவுசெய்துவிட்டால் நல்லது.